காவல் மென்பொருள் தவறினால் மீட்பு யார் கையில்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12.09 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குச் சிறியதோர் அப்டேட் கோப்பை அனுப்பியது. அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றன. தாமாக மீண்டும் துவங்கின, மீண்டும் விழுந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகளை ஊழியர்கள் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. சிங்போஸ்ட்டின் அஞ்சலகச் சேவைகள் தடைப்பட்டன. வீவக கார்நிறுத்துமிடங்கள் சிலவற்றில் நுழைவாயில் கருவிகள் வேலை செய்யவில்லை. அரசாங்கச் சேவைகளும் பெரும்பாலான அத்தியாவசியச் சேவைகளும் பாதிக்கப்படவில்லை என்று அமைச்சர் ஜோசஃபின் டியோ தெரிவித்தது ஆறுதல். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் 8.5 மில்லியன் கணினிகள் விழுந்திருந்தன. எந்த வைரசும் நுழையவில்லை, யாரும் தாக்கவில்லை. கணினியைக் காக்க வைத்த மென்பொருளே அதை வீழ்த்தியது.

இந்த விபத்துக்கு மூத்த உறவு ஒன்று உண்டு. அது தலைப்புச் செய்தியாவது அபூர்வம். ஆனால் அடிக்கடி நடப்பது அதுதான். வைரஸ் தடுப்பு மென்பொருள், நல்ல கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாக அடையாளம் கண்டு தனிமைப்படுத்திவிடுவது. அந்தக் கோப்பு ஒரு பாடலோ படமோ என்றால் நட்டம் சிறியது. சர்வரின் டிரைவர் கோப்பு என்றால், அதாவது வட்டோடும் நெட்வொர்க்கோடும் இயங்குதளம் பேசுவதற்கு உதவும் நிரல் என்றால், அந்தச் சர்வரை நம்பியிருக்கும் அலுவலகமே நின்றுபோகும். இந்த இரு வகை விபத்துகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஒரு மென்பொருளுக்கு நம் கணினியில் எதையும் நிறுத்தும், எதையும் நீக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறோம். அந்த அதிகாரம் தவறாகப் பயன்பட்டால் மீண்டு எழும் வழியும் நம் கையில் இருந்தாக வேண்டும். பாதுகாப்பை வாங்குகிற நாம் மீட்பை வாங்குவதில்லை. சிறு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு மென்பொருளை ஊக்குவிக்கும் அரசாங்கத் திட்டங்களும் காவலரின் பிழையை ஓர் ஆபத்தாகத் தனியே எண்ணுவதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே என் வாதம்.

அபூர்வமான ஒன்றுக்காக இவ்வளவு கவலை வேண்டுமா என்று கேட்கலாம். வரலாறு அபூர்வம் என்று சொல்லவில்லை. 2007 மே மாதம் சைமன்டெக் நிறுவனத்தின் மென்பொருள், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு இன்றியமையாத கோப்புகளைத் தீநிரல் என்று நினைத்து அகற்றியது. அந்தக் கணினிகள் மறுபடி துவங்கவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய 5958ஆம் எண் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் மையச் சேவைக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்றது. அமெரிக்காவில் மருத்துவமனைகள் தடுமாறின. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் பேரங்காடி தன் கடைகள் சிலவற்றை மூட நேர்ந்தது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ், 2015 மார்ச்சில் பாண்டா ஆகிய இரண்டும் தம்முடைய சொந்தக் கோப்புகளையே தீநிரல் என்று பிடித்தன. 2017 ஏப்ரலில் வெப்ரூட், விண்டோஸ் கோப்புகளைத் தனிமைப்படுத்தியது. 2010இல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024இல் கிரவுட்ஸ்டிரைக்கின் தலைமை நிர்வாகி. தனிமனிதரைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அனுபவம் மிகுந்த, பணபலம் வாய்ந்த நிறுவனங்களும் இத்தவற்றுக்கு விலக்கல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நிறுவனங்கள் மாறுகின்றன, தொழில்நுட்பம் மாறுகிறது. பிழை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது.

டிரைவர் கோப்பு பறிபோகும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது அவசியம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் டிரைவர் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருக்கும். வட்டில் இருக்கும் கோப்பை ஆன்ட்டிவைரஸ் தூக்கினாலும், நினைவகத்தில் இருப்பது தொடர்ந்து வேலை செய்யும். அதனால் முதல் சில மணி நேரம் யாருக்கும் எதுவும் தெரியாது. பிறகு ஆன்ட்டிவைரஸ் "சுத்தம் செய்யும் பணி முடிய ரீஸ்டார்ட் செய்யவும்" என்று கேட்கும். அல்லது யாராவது வழக்கம்போல் அணைத்துப் போடுவார்கள். அப்போதுதான் விழும். போனது வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் டிரைவர் என்றால், துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத் திரையோடு சர்வர் நின்றுவிடும். போனது நெட்வொர்க் டிரைவர் என்றால் நிலைமை வேறு மாதிரி: சர்வர் நன்றாகவே எழும், ஆனால் வெளியுலகத்தோடு அதற்குத் தொடர்பே இருக்காது. தவற்றை உணர்ந்த ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் திருத்திய அப்டேட்டை அனுப்பியிருக்கலாம். ஐடி வெண்டர் தொலைவிலிருந்தே சரிசெய்யத் தயாராக இருக்கலாம். இரண்டுமே அந்தச் சர்வருக்குப் போய்ச் சேர முடியாது. கிரவுட்ஸ்டிரைக் தன் பிழையான கோப்பை 78 நிமிடங்களில், பிற்பகல் 1.27 மணிக்கே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்து கிடந்த கணினிகள் பலவற்றுக்கு அந்தத் திருத்தத்தைப் பெறும் நிலை இல்லை. யாராவது நேரில் போய், சேஃப் மோடில் துவக்கி, குறிப்பிட்ட கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. டெல்டா விமான நிறுவனம் 40,000 சர்வர்களைக் கையால் மீட்க வேண்டியிருந்தது என்று அதன் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன் சொன்னார். சுமார் 7,000 விமானச் சேவைகள் ரத்தாயின.

சிறு நிறுவனங்களுக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, இப்போது கேலாங்குக்கு வருவோம். சிங்போஸ்ட் சென்டர் இருக்கும் பாய லேபாரிலிருந்து கேலாங் சிராய் நடக்கும் தூரம்தான். அதைச் சுற்றிய வட்டாரத்தில் அல்ஜுனிட், மெக்பர்சன், காலாங் வே, கம்போங் ஊபி என்று பரவிக் கிடப்பவை பெரும்பாலும் சிறு நிறுவனங்கள்: கார் பட்டறைகள், அச்சகங்கள், உணவு மொத்த வியாபாரிகள், சிறு கிளினிக்குகள், லோரோங்குகளின் சிறு ஹோட்டல்கள். 2024 விபத்தில் இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் அவற்றின் முன்னேற்பாடு அல்ல. கிரவுட்ஸ்டிரைக், பெரிய நிறுவனங்கள் அதிகம் வாங்கும் மென்பொருள், அவ்வளவுதான். அடுத்த பிழை, இவர்கள் வாங்கும் மலிவான ஆன்ட்டிவைரசில் நடந்தால் கதை வேறு. கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாம் ஒரே சர்வரில். அதைப் பார்த்துக்கொள்வது வெளியிலுள்ள ஓர் ஐடி வெண்டர். அந்த வெண்டர் தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே ஆன்ட்டிவைரசைப் போட்டிருப்பது இயல்பு. ஆகவே விழும்போது எல்லாரும் ஒரே மணி நேரத்தில் விழுவார்கள். எல்லாருடைய தொலைபேசி அழைப்பும் ஒரே தொழில்நுட்பருக்குத்தான் போகும். வங்கிகளுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரு வரம்பு விதித்திருக்கிறது: முக்கியக் கணினிக் கட்டமைப்பு எதிர்பாராமல் நிற்கும் நேரம் எந்த 12 மாதங்களிலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அந்த விதிக்கு ஏற்ப வங்கிகள் ஆளும் பணமும் ஒதுக்குகின்றன. ஊபியில் இருக்கும் பட்டறைக்கு அப்படி விதியும் இல்லை, வசதியும் இல்லை. சிங்கப்பூரின் நிறுவனங்களில் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். வேலையில் இருப்போரில் சுமார் 70 விழுக்காட்டினர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். இதை ஓரத்துப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

மீட்பு என்பது பெரிய வித்தை அல்ல. ஆனால் வரிசை தவறினால் வேலை கெடும். தவறான அடையாளம் என்ற சந்தேகம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றச் சர்வர்களை யாரும் ரீஸ்டார்ட் செய்யாமல் பார்த்துக்கொள்வது. அடுத்து, அது உண்மையிலேயே தவறான அடையாளம்தானா என்று உறுதிசெய்வது: கோப்பின் மின்னிலக்கக் கையொப்பம் சரியா, வன்பொருள் நிறுவனம் வெளியிட்ட மூலக் கோப்போடு பொருந்துகிறதா, ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் ஏதேனும் அறிவித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, திருத்திய அப்டேட்டை ஏற்ற வேண்டும், அல்லது அந்தக் கோப்புக்கு விலக்கு தர வேண்டும். இதைச் செய்யாமல் கோப்பைத் திரும்ப வைத்தால், அடுத்த நிமிடமே ஆன்ட்டிவைரஸ் அதை மறுபடி விழுங்கும். முழு பேக்கப்பிலிருந்து மீட்டாலும் இதே கதிதான். அதோடு பேக்கப் எடுத்த பிறகு செய்த வேலையும் போய்விடும். நான்காவதாகத்தான் கோப்பை மீட்பது. தனிமைப்படுத்திய கோப்பு உருமாற்றி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், அதை ஆன்ட்டிவைரசின் வழியாகவே விடுவிக்க வேண்டும். சர்வர் எழவே இல்லை என்றால், மீட்பு யூஎஸ்பியிலிருந்து துவக்கி, விண்டோஸ் தன் டிரைவர் சேமிப்பகத்தில் வைத்திருக்கும் நகலையோ, வன்பொருள் நிறுவனத்தின் டிரைவரையோ எடுத்து வைக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் டிரைவர் அந்த யூஎஸ்பியில் இல்லையென்றால் மீட்க வந்தவருக்கும் வட்டு தெரியாது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அந்த எண், விழுந்த சர்வரிலேயே சேமிக்கப்பட்டிருந்தால் மீட்பு அங்கேயே நின்றுவிடும்.

ஆக, தேவையானவை என்ன? டிரைவர்கள் அடங்கிய ஒரு யூஎஸ்பி, தாளில் அச்சிட்டுப் பெட்டியில் பூட்டிய மீட்பு எண், வெளியே தனியாக வைத்த பேக்கப், வரிசையை எழுதிய ஒரு பக்கம், ஆண்டுக்கொரு முறை ஒத்திகை. செலவு மிகச் சிறியது. இருந்தும் இவை பெரும்பாலும் இல்லாமல் போவதற்குக் காரணம், "பாதுகாப்பு மென்பொருள் போட்டாயிற்று" என்பதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாக்குபவர்கள் வேகமாக வருகிறார்கள். பாதுகாப்பு அப்டேட்டைச் சோதித்து, தாமதித்து, கட்டம் கட்டமாக அனுப்பினால் அந்த இடைவெளியில் வீடு கொள்ளைபோகாதா? கேள்வி நியாயமானது. சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமம் 2018இல் நடந்த இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களை இழந்த ஊர் இது. இங்கே யாரும் காவலைத் தளர்த்தச் சொல்ல முடியாது. ஆனால் வேகம் எங்கே உயிர் காக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற பிணைத்தொகைத் தீநிரல் உலகை உலுக்கியபோது, அதற்கான விண்டோஸ் திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீழ்ந்தவர்களை வீழ்த்தியது சில மணி நேரத் தாமதம் அல்ல, பல வார அலட்சியம். மறுபக்கம், புதிதாகப் பரவும் தீநிரலை அடையாளம் காணும் அப்டேட்டுக்கு மணி நேரங்கள் முக்கியம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லாக் கணினிக்கும் ஒரே நொடியில் போக வேண்டிய அவசியம் இல்லை. முதல் மணி நேரம் மேசைக் கணினிகள் சிலவற்றுக்கு, பிறகு மற்றவற்றுக்கு, கடைசியில் சர்வர்களுக்கு என்று அனுப்பினால் பிழை முதல் வட்டத்திலேயே பிடிபடும். கிரவுட்ஸ்டிரைக்கின் பிழை என்ன? மென்பொருள் 21 தகவல்களை எதிர்பார்த்தது, அதற்குக் கிடைத்தவை 20. ஒரு சில கணினிகளுக்கு மட்டும் முதலில் அனுப்பியிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். அந்த நிறுவனமே பிறகு கட்டம் கட்டமாக அனுப்பும் முறைக்கு மாறியது. எப்போது பெறுவது என்ற தெரிவையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. அதற்கு முன், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று கவனமாக இருந்த வாடிக்கையாளர்களும் விழுந்தார்கள். ஏனென்றால் இத்தகைய கோப்புகளுக்கு அந்தத் தெரிவு பொருந்தவே இல்லை. கவனமாக இருந்தவருக்கும் பலன் இல்லாத ஏற்பாட்டை வேகம் என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் அறிந்தவர்களிடமிருந்து வரும். டிரைவர் என்பதாலேயே ஒரு கோப்பு நல்லதாகிவிடுமா? ஆகாது. குறைபாடுள்ள, ஆனால் முறையான கையொப்பம் உடைய டிரைவர்களைத் தாக்குபவர்கள் கொண்டுவந்து பயன்படுத்துவது நடக்கிறது. ராபின்ஹூட் என்ற பிணைத்தொகைத் தீநிரல் கிகாபைட் நிறுவனத்தின் டிரைவர் ஒன்றைக் கொண்டு பாதுகாப்பு மென்பொருளையே அணைத்ததை 2020இல் சோஃபோஸ் கண்டறிந்தது. கணினியின் வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் கவனிக்கும் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒரு டிரைவரை 2025இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் பிடிக்கத் தொடங்கியபோது பலர் அதைத் தவறான அடையாளம் என்றார்கள். ஆனால் அந்த டிரைவரில் குறைபாடு இருந்தது உண்மை. இந்த உதாரணங்கள் என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகின்றன. நேற்று வந்து இறங்கிய டிரைவரும், அதே சர்வரில் மூன்று ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் டிரைவரும் ஒன்றல்ல. முன்னதை உடனே தடுக்கலாம். பின்னதில் சந்தேகம் எழுந்தால், அதைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு மனிதரைக் கேட்க வேண்டும். அவசரம் என்றால் அந்தச் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கலாம். பிரித்ததைச் சேர்ப்பது எளிது. துவக்க முடியாமல் கிடக்கும் சர்வரை எழுப்புவது எளிதல்ல. மீட்க வருபவரும் இதை மறக்கக்கூடாது: எல்லா எச்சரிக்கையும் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு விலக்கு தருவது வேறொரு வாசலைத் திறந்து விடுவதாகும். 2024 ஜூலையிலேயே, மீட்புக் கோப்பு என்ற பெயரில் தீநிரல்களைப் பரப்பியவர்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லையே என்பாரும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிளவுடில் இருந்த விண்டோஸ் சர்வர்களும் விழுந்தன. சிலவற்றை 15 முறை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கும்படி மைக்ரோசாஃப்ட் கூறியது. மற்றவற்றின் வட்டைக் கழற்றி வேறொரு மெய்நிகர் சர்வரில் இணைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கிளவுடுக்குப் போவது வேறு பல நன்மைகளைத் தரலாம். மீட்பைப் பற்றி யோசிக்கும் பொறுப்பிலிருந்து அது யாரையும் விடுவிப்பதில்லை. பிழை செய்த நிறுவனம் இழப்பீடு தரட்டும் என்பதும் சிறு நிறுவனத்துக்கு உதவாத பதில். சுமார் 500 மில்லியன் டாலர் நட்டம் என்று சொல்லும் டெல்டாவால் 2024 அக்டோபரில் நீதிமன்றம் போக முடிந்தது. பாதுகாப்பு மென்பொருள்களின் உரிம ஒப்பந்தங்கள் பொதுவாக, கட்டிய சந்தாத் தொகையைத் தாண்டிப் பொறுப்பேற்பதில்லை. கேலாங்கின் ஒரு கடை எந்த நீதிமன்றத்தில் யாரோடு வழக்காடும்?

அதனால்தான் இதில் அரசாங்கத்துக்கு வேலை இருக்கிறது. இந்த ஆபத்தின் இன்னொரு வடிவத்தை அதுவே நேரில் கண்டது. 2024 ஆகஸ்ட்டில், பள்ளி மாணவர்களின் சாதனங்களில் இருந்த மொபைல் கார்டியன் என்ற சாதன நிர்வாகச் செயலிக்குள் யாரோ ஊடுருவியபோது, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 பேரின் சாதனங்களிலிருந்து தகவல்கள் அழிந்தன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை உடனே அகற்றியது. அங்கே காரணம் தாக்குதல், கிரவுட்ஸ்டிரைக்கில் பிழை. ஆனால் இரண்டிலும் வினை ஒன்றே. தொலைவிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் ஒரு மென்பொருளிடம் இருந்தது. அழிந்ததைத் திரும்பப் பெறும் வழி பலரிடம் இல்லை. மாணவர்கள் இழந்தது சில மாதக் குறிப்புகளை என்று கடந்து போய்விடக்கூடாது; தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

மாற்றத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 முதல் சிறு நிறுவனங்களுக்கு வழங்கிவரும் சைபர் எசென்ஷியல்ஸ் முத்திரை, தீநிரல் தடுப்பு, அப்டேட், பேக்கப், சம்பவங்களைக் கையாளுதல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. அதில், பாதுகாப்பு மென்பொருளே தவறினால் சர்வரை மீட்பது எப்படி என்ற ஒத்திகையையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தின் கீழ்ப் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பொதுப்பணம் போகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெற விரும்பும் நிறுவனங்களிடம் மூன்றைக் கேட்கலாம்: சர்வர்களுக்கான அப்டேட்டைத் தாமதிக்கும் தெரிவு, நீண்டகாலமாக இருக்கும் கையொப்பமிட்ட டிரைவரை மனிதரின் அனுமதியின்றி நீக்காத அமைப்பு, நெட்வொர்க் இல்லாமலே தனிமைப்படுத்தலை விலக்கும் வழி. ஐடி வெண்டர்களோடு செய்யும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மீட்பு யூஎஸ்பியும் மீட்பு எண்களும் வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க வர்த்தகச் சங்கங்கள் மாதிரி ஒப்பந்தம் தயாரித்துக் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

நிறுவன உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வெண்டரிடம் இந்த வாரமே மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் சர்வரின் மீட்பு எண் எங்கே? அதன் வட்டு, நெட்வொர்க் டிரைவர்களின் நகல் யாரிடம்? ஆன்ட்டிவைரஸ் ஒரு நல்ல கோப்பைத் தூக்கிவிட்டால், நீங்கள் வர முடியாத நாளில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தெளிவான பதில் வந்தால் உங்கள் பாதுகாப்பு முழுமையானது. வராவிட்டால், மாதாமாதம் நீங்கள் கட்டும் சந்தா உங்களுக்குப் பாதிப் பாதுகாப்பைத்தான் வாங்கித் தருகிறது. மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.